சேர்வராயன் மலையில் கற்காலம்

நாகரிகத்தின் தொடக்கம் என்றதும் நம் நினைவு ஆற்றங்கரைகளை நாடிச் செல்கிறது. நைல், யூப்ரடீசு, சிந்து, மஞ்சளாறு என்று நாம் பள்ளியில் வரிசையாகப் படித்திருக்கிறோம். அண்மைக் காலத்து அகழ்வாய்வுகளுக்குப் பின்னர் வைகைக் கரையும் பொருநைக் கரையும் அந்த வரிசையில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் மலையின் மேலே, காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே, பண்டை மனிதனின் வரலாறு கிடக்கிறது என்று சொன்னால் பலர் வியப்படைவர். ஏற்காட்டிற்குச் செல்வோர் ஏரியில் படகு செலுத்துகின்றனர். உயர்ந்த பாறைமேல் நின்று சேலம் நகரத்தைக் காண்கின்றனர். குளிர்காற்றை நுகர்ந்து திரும்பி விடுகின்றனர். அந்த மலையில் கிடைக்கும் கற்கோடரிகளைப் பற்றியே இன்று நான் உங்களிடம் பேச விரும்புகிறேன். இடையில், கடல் கடந்த ஜப்பான் நாட்டின் பழங்காலத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்வேன். அதன் காரணம் போகப் போக விளங்கும்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். சேலம் நகரத்திற்கு வடகிழக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலைத்தொடர். அதன் மேற்பரப்பில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின. மலைத்தொடரின் உயர்ந்த முடி சேர்வராயன் முடி. அதன் உயரம் 1,623 மீட்டர். அந்த உச்சியில், தாழ்ந்த வாயிலையுடைய குகையொன்றில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் மலைமக்கள் அங்கே திரண்டு விழா எடுக்கின்றனர். 1820-ஆம் ஆண்டில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதன் பின்னரே வெளியுலகத்தார்க்கு ஏற்காடு பெயர்பெற்ற ஊராயிற்று. ஆகவே, ஏற்காட்டின் வரலாறு இருநூறு ஆண்டு வரலாறு என்று எண்ணுவாரும் உளர்.

மலையின் பழங்குடிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டவரைக் குறிக்கும் சொல் அன்று இது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். சாமையும் கேழ்வரகும் அவர்களுடைய பழைய பயிர்கள். ஏர் செல்லாத சரிவுகளை மண்வெட்டியால் கொத்தி விதைக்கும் வழக்கம் அவர்களிடையே நெடுங்காலம் இருந்து வந்தது.

அந்த மக்களின் சிற்றூர்களில் பிள்ளையாருக்கென்று சிறு கோயில்கள் உண்டு. சில இடங்களில் கோபுரம் இல்லை; விமானம் இல்லை. நான்கு கல் அடுக்கி மேலே ஒரு பலகைக் கல்லை வைத்திருப்பார்கள். அல்லது மரத்தடியில் மேடை ஒன்று இருக்கும். அங்கே தும்பிக்கையும் தொந்தியும் உடைய பிள்ளையாரைத் தேடினால் காண முடியாது. கை அளவான, வழவழப்பான, கருநிறக் கற்கள் வரிசையாக நிற்கும். ஒரு முனை கூம்பியிருக்கும். மறுமுனை அகன்று, வளைந்து, கூர்மையாக இருக்கும். எண்ணெய் பூசி, மஞ்சளும் குங்குமமும் இட்டிருப்பார்கள். அவைதாம் புதிய கற்கால மனிதன் செய்த கற்கோடரிகள். சேர்வராயன் மலையில் மட்டுமன்றி, கொல்லிமலை, சவ்வாது மலை முதலிய அண்டை மலைகளிலும் இவ்வாறு கற்கோடரிகள் தெய்வமாக வீற்றிருக்கின்றன.

அத்தகைய ஒரு கோயிலை நான் பார்த்தபோது, அங்கிருந்த முதியவர் ஒருவரிடம், "இந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன, ஐயா?" என்று கேட்டேன். "மழை பெய்து மண் கரைந்தால் தாமாக வெளியே வரும், சாமி. கண்டவர் கொண்டுவந்து இங்கே வைப்பார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது" என்றார். சிறிது நேரம் சென்று, "பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் பணம் தருகிறேன் என்றார். சாமியை விற்பார்களா?" என்றும் கூறினார். அவர் சொன்ன அந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒன்று, கல் தாமாக வெளியே வருகிறது; மற்றொன்று, அதனை விலைக்குக் கேட்க ஒருவர் வருகிறார். இப்பேச்சின் பிற்பகுதியில் இரண்டும் நமக்குப் பயன்படும்.

கற்கோடரியை எவ்வாறு செய்தனர்? பழைய கற்கால மனிதன் ஒரு கல்லை மற்றொரு கல்லால் தட்டி, சில்லுகளைப் பெயர்த்து, கூரிய விளிம்பு கிடைத்தவுடன் நிறுத்திக்கொண்டான். புதிய கற்கால மனிதன் அவ்வளவில் நிற்கவில்லை. அடர்ந்த, உறுதியான கல்லைத் தேர்ந்து, முதலில் சில்லு பெயர்த்து உருவம் கொடுத்தான். பிறகு மேடு பள்ளங்களைச் சிறுகச் சிறுகக் கொத்திச் சமன் செய்தான். அதன் பின்னர் மணலும் நீரும் இட்டுப் பாறையின்மேல் தேய்த்தான். ஒரு கோடரி முடியப் பொறுமையான உழைப்பு பல நாள் தேவைப்பட்டிருக்கும். இறுதியில் அதற்கு மரப்பிடி பொருத்தினான். அதைக்கொண்டு மரத்தை வெட்டினான், காட்டைத் திருத்தினான், நிலத்தைக் கொத்தினான். வேட்டையாடி அலைந்தவன் விதைத்து அறுக்கத் தொடங்கினான், ஆடு மாடுகளை வளர்த்தான், மண்ணால் கலம் செய்தான், ஓரிடத்தில் குடியிருந்தான். ஆகையால் கையடங்கும் அந்தக் கல், மனிதன் உணவைத் தேடும் நிலையிலிருந்து உணவை விளைவிக்கும் நிலைக்கு ஏறியதைக் காட்டும் சான்றாகும்.

இவற்றைத் தெய்வமென்று வணங்கியவர் நம் மலைமக்கள் மட்டும் அல்லர். ஐரோப்பாவின் உழவர்கள் இத்தகைய கற்களை இடியோடு விண்ணிலிருந்து விழுந்தவை என்று நம்பினர்; மின்னல் தாக்காமல் காக்கும் என்று கூரையில் செருகி வைத்தனர். ஜப்பானியரும் இவற்றை இடியின் கோடரி என்றே அழைத்தனர். செய்தவனை மறந்த மக்கள், செய்யப்பட்ட பொருளின் அழகைக் கண்டு, இது மனிதன் செய்ததாக இருக்க முடியாது என்று முடிவு செய்தனர் போலும்!

இது மனிதன் செய்ததுதான் என்று நம் நாட்டில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர். 1834-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி அன்றுதான் தொடங்கிற்று என்பர். அதே ஆண்டில் வில்லியம் கிங் என்பவருடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழைமை உடையவை என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

பூட்டுக்கும் ஏற்காட்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களின் நிலவியல் அமைப்பைப் பற்றி அவரும் கிங்கும் எழுதிய நூல் 1864-இல் வெளிவந்தது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார்; தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர்; யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் திருத்தியவர். அவர் 1882-இல் ஏற்காட்டில் காலமானார். பூட்டும் 1891-இல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் ஏற்காட்டையே தம் இருப்பிடமாகக் கொண்டார். 1912-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் அவர் இறந்தார். அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காட்டுத் திருத்துவ ஆலயத்தில் இருக்கிறது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கிற்று. அவற்றின் விளக்க அட்டவணை அவர் மறைந்த பின், 1914-இல் அச்சாயிற்று. அதில் சேர்வராயன் மலைக் கற்கோடரிகளுக்கும் இடம் உண்டு. பூட்டின் பெருமை அவர் சேர்த்த கற்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் எண் இட்டார். எந்த ஊரில், எத்தகைய இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். பெட்டி நிறையக் கற்களைச் சேர்த்தவர் அக்காலத்தில் பலர் இருந்தனர். அவர்களுடைய கற்களில் பல இன்று வெறுங்கற்களாகவே இருக்கின்றன. ஏனெனில், அவை எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்வார் இல்லை.

இடத்திற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். காலத்தை அறியும் முறையைத் தெரிந்துகொண்டால் அது விளங்கும். உயிருள்ள எல்லாவற்றிலும் கரி உண்டு. அதில் மிகச் சிறு பகுதி கதிர்வீசும் கரி. உயிர் நீங்கிய பின் அது குறைந்துகொண்டே வருகிறது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் உயிர் நீங்கிய காலத்தை அறியலாம். அமெரிக்க அறிஞர் லிப்பி 1949-இல் இம்முறையை உலகிற்கு அளித்தார். ஆனால் கல்லுக்கு உயிர் இல்லை; அதில் அளக்கத்தக்க அந்தக் கரி இல்லை. அப்படியானால் கற்கோடரியின் வயதை எவ்வாறு அறிவது? அது புதைந்துள்ள அதே மண்ணடுக்கில், அதனோடு கிடக்கும் அடுப்புக்கரியையோ கருகிய தானியத்தையோ அளந்துதான் அறிய வேண்டும். அடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்த கோடரி தன் சாட்சியை இழந்து விடுகிறது.

சேர்வராயன் மலைக் கோடரிகளுக்கு நேர்ந்தது இதுதான். மழை மண்ணைக் கரைத்தது, கோடரி வெளிவந்தது, அன்புடைய ஒருவர் எடுத்துக் கோயிலில் வைத்தார். அதன் காலத்தை நாம் இன்று ஒப்புமையாலேயே கூறுகிறோம். திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1964-65-இலும் 1967-68-இலும் அகழ்ந்தனர். அங்கே அடியில் புதிய கற்கால அடுக்கும், அதன்மேல் இரும்புக்கால அடுக்கும் இருந்தன. அடியிலிருந்த மக்கள் தரையில் குழி தோண்டிக் குடில் அமைத்தனர். கையால் மட்கலம் வனைந்தனர். கொள்ளும் பச்சைப் பயறும் விளைவித்தனர். வழவழப்பான கற்கோடரிகளும் கிடைத்தன. அங்குக் கிடைத்த கரியின் காலக் கணிப்பு ஏறத்தாழ கி.மு. 1400-ஐக் காட்டிற்று. ஏற்காட்டுக் கோடரியும் பையம்பள்ளிக் கோடரியும் வடிவத்தில் ஒத்திருப்பதால், இரண்டும் ஏறக்குறைய ஒரே வகை வாழ்க்கையைச் சார்ந்தவை என்கிறோம். பையம்பள்ளி போன்ற இடங்களின் மண்ணடுக்கு அன்றி ஏற்காட்டுக் கோடரிக்கு வயது கூற வழியில்லை.

கல்லுக்குப் பின்னர் வந்தது என்ன? டென்மார்க்கு நாட்டுத் தாம்சன் என்பவர் 1836-இல் எழுதிய நூலில் மனித வரலாற்றைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என மூன்றாகப் பிரித்தார். உலகெங்கும் மக்கள் இந்த மூன்று படிகளில் வரிசையாக ஏறினர் என்று நெடுநாள் நம்பப்பட்டது. தென்னாட்டுச் சான்றுகள் அதற்கு இணங்கவில்லை. இங்கே கல்லை விட்ட மக்கள் இரும்பைப் பற்றினர். வெண்கலத்திற்கெனத் தனிக்காலம் ஒன்று இல்லை. ஆதிச்சநல்லூரில் அழகிய வெண்கலப் பொருள்கள் கிடைத்திருப்பது மெய்யே. ஆயினும் அவை இரும்போடு சேர்ந்தே கிடைத்தன.

ஏற்காட்டிலிருந்து தென்மேற்கே நோக்கினால் சேலத்திற்கு அப்பால் தெரியும் கஞ்சமலையை நினைத்துப் பாருங்கள். அது இரும்புக் கனியம் செறிந்த மலை. அந்த வட்டாரத்தில் இரும்பு தொன்மையானது என்பதைப் பல சான்றுகள் காட்டுகின்றன. சேலம் மாவட்டத்தில் மேட்டூரை அடுத்த மாங்காட்டில் கிடைத்த இரும்பு வாளின் காலம் கி.மு. 1500-ஐ ஒட்டியது எனக் கணிக்கப்பட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைச் சான்றுகள் இன்னும் பழையவை, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சார்ந்தவை என்று தமிழ்நாடு அரசு 2025-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவற்றை அறிஞர் உலகம் ஆராய்ந்து வருகிறது.

இரும்பைக் கையாண்ட மக்கள் இறந்தோர்க்குப் பெருங்கற்களால் வீடு அமைத்தனர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் அத்தகைய கற்திட்டைகள் பலவற்றை இன்றும் காணலாம். நாட்டு மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் அழைப்பர். அடுத்த படி எழுத்து. திருக்கோவலூருக்கு அருகில் உள்ள சம்பையில் 1981-இல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி துறவிகளுக்குக் குகையிருக்கை அளித்ததை அது கூறுகிறது; சத்தியபுதோ என்ற பட்டத்தையும் அவன் பெயரோடு சேர்த்துக் கூறுகிறது. அசோகனுடைய கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு குறிக்கப்பட்ட சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர்கள் பல்லாண்டு வாதிட்டனர். அந்த வாதம் இந்த ஒரு பாறையால் முடிவுக்கு வந்தது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள நாடு. இவ்வாறு கோடரி, வாள், கற்திட்டை, கல்வெட்டு என்று நான்கு படிகளையும் இம்மலையைச் சுற்றியே நாம் காண்கிறோம்.

இப்பொழுது ஜப்பானுக்குச் செல்வோம். தாம்சன் வகுத்த படிகளில் ஏறாத மற்றொரு நாடு அது. அதனால்தான் அதனைத் துணைக்கு அழைத்தேன்.

1877-இல் மோர்ஸ் என்னும் அமெரிக்க விலங்கியல் அறிஞர் தோக்கியோவுக்கு இரயிலில் சென்றபோது, ஓமோரி என்ற இடத்தில் பாதையோரம் கிளிஞ்சல் மேடு ஒன்றைக் கண்டார். அதைத் தோண்டியபோது, கயிற்றைப் பதித்து அழகு செய்த மட்கலங்கள் கிடைத்தன. கயிற்றுக் கோலம் என்னும் பொருளுடைய ஜோமோன் என்ற சொல்லே அக்காலத்திற்குப் பெயராயிற்று. ஜோமோன் மக்கள் வேட்டையாடியும், மீன் பிடித்தும், கொட்டைகளைத் திரட்டியும் வாழ்ந்தனர். உழவு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மட்கலம் செய்தனர். அவர்களுடைய பழைய கலங்கள் 16,000 ஆண்டுத் தொன்மை உடையவை. உழவும் மட்கலமும் கைகோத்து வந்தன என்ற பொதுவிதி அங்கே பொருந்தவில்லை.

அதன்பின் வந்தது யாயோய் காலம். தோக்கியோவில் யாயோய் என்னும் பகுதியில் 1884-இல் கிடைத்த ஒரு குடமே அப்பெயருக்குக் காரணம். அக்காலத்தில் நெல் வேளாண்மை ஆசியக் கண்டத்திலிருந்து கொரியா வழியாகக் கடல் கடந்து வந்தது. வெண்கலமும் இரும்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ஆகவே அங்கும் வெண்கலத்திற்குத் தனிக்காலம் இல்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முதல் அரசர்க்கும் தலைவர்க்கும் பெரிய மண்மேடு எழுப்பிப் புதைக்கும் வழக்கம் பரவிற்று. அது கோபுன் காலம். சக்காய் நகரத்தில் உள்ள மிகப் பெரிய மேட்டின் நீளம் 486 மீட்டர்.

அந்தக் கோபுன் மேடு ஒன்றில் நிகழ்ந்ததை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சைத்தாமா மாநிலத்தில் இனாரியாமா மேட்டை 1968-இல் அகழ்ந்தபோது துருப்பிடித்த இரும்பு வாள் ஒன்று கிடைத்தது. கிடந்த இடத்தைக் குறித்து, முறையாகப் பாதுகாத்து வைத்தனர். பத்து ஆண்டுகள் சென்றன. 1978-இல் துரு மேலும் பரவாமல் காக்க முயன்றபோது எக்ஸ் கதிரால் படம் எடுத்தனர். துருவுக்கு அடியில், பொன்னால் பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன! அதில் ஓர் அரசனின் பெயரும், கி.பி. 471 எனக் கொள்ளப்படும் ஆண்டும் இருந்தன. நமக்குச் சம்பைப் பாறை எத்தகையதோ, அவர்களுக்கு அந்த வாள் அத்தகையது. கண்டவுடன் துருவைச் சுரண்டித் துடைத்திருந்தால் ஒரு நாட்டின் வரலாற்றில் ஓர் ஏடு அழிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் அந்நாட்டில் உண்டு. ஜோமோனுக்கு முன்னர் ஜப்பானில் மனிதர் இல்லை என்றே முன்பு கருதினர். 1949-இல் இவாசுகு என்னும் இடத்தில், எரிமலைச் சாம்பல் படிந்த பழைய மண்ணடுக்கிலிருந்து கற்கருவிகளை அகழ்ந்தனர். கருவி கிடந்த அடுக்கே அதன் தொன்மைக்குச் சான்றாயிற்று. பழைய கற்காலம் அங்கும் இருந்தது என்று ஐயமின்றித் தெரிந்தது. அதன் பின் ஆராய்ச்சியாளர் ஒருவர் மேலும் மேலும் பழைய அடுக்குகளில் கருவிகளைக் கண்டெடுத்துப் புகழ் பெற்றார். அவர் கண்டவை பாடநூல்களிலும் ஏறின. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் செய்தித்தாள் ஒன்று புகைப்படத்தோடு உண்மையை வெளியிட்டது. அவர் தாமே இரகசியமாகக் கருவிகளைக் குழியில் புதைத்து, பிறகு தாமே தோண்டி எடுத்திருந்தார்! கருவிகள் பொய்யல்ல, அவை பழங்கருவிகளே. அவை கிடந்த இடம்தான் பொய். அந்த ஒரு பொய்யால் பாடநூல்களைத் திருத்த வேண்டியதாயிற்று. பொருள் மெய்யாக இருந்தும் இடம் பொய்யானால் வரலாறே பொய்யாகும் என்பதை உலகம் அன்று கண்டது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். யாயோய் மக்கள் சிலர், குறிப்பாகக் கியூசுத் தீவின் வடபகுதியினர், இறந்தோரைப் பெரிய தாழிகளில் இட்டுப் புதைத்தனர். நம் ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகள் உடனே நினைவுக்கு வருகின்றன அல்லவா? ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ இத்தகைய ஒப்புமைகளையும் சொல் ஒப்புமைகளையும் காட்டி, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல நூல்கள் எழுதினார். தமிழறிஞர் சிலர் அவருடன் இணைந்து உழைத்தனர். அவருடைய தமிழ்ப் பற்று நம் நன்றிக்கு உரியது. ஆயினும் மொழிநூல் அறிஞருள் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. ஒப்புமை வேறு, உறவு வேறு. களிமண்ணும் நெருப்பும் துயரமும் எல்லா நாட்டிலும் உள்ளன. இறந்த தாயைத் தாழியில் இட்டு மண்ணுக்குள் வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்க வேண்டியது அன்று.

இந்த எச்சரிக்கை நம் மலைக்கும் பொருந்தும். கற்கோடரியை வணங்கும் மலையாளிகளே அதனைச் செய்தோரின் வழிவந்தவர் என்று விரைந்து முடிவு செய்துவிடக் கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர் புறப்பட்டனர். மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. அவ்வழக்கின்படி, அவர்கள் வருமுன்பே கோடரி அங்கே மண்ணில் கிடந்தது. செய்தவர் பெயரை நாம் அறியோம். தாம் செய்யாத பொருளை, தம் முன்னோர் செய்தார் என்றும் கூறாமல், தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காத்தனர் மலைமக்கள். அதனை நாம் மதிக்க வேண்டும்.

அப்படியானால் இன்று அந்தக் கற்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பார் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. மண்ணிலிருந்து பெயர்ந்தபோது அக்கல் தன் முதல் இடத்தை இழந்தது. கோயிலில் அதற்கு இரண்டாவது இடம் கிடைத்தது. அங்கிருந்தும் பெயர்த்தால், எந்த ஊரார் எந்தப் பெயரால் எவ்வளவு காலம் வணங்கினர் என்ற செய்தியும் போய்விடும். விலை பேச வருபவரோ இரண்டு இடங்களையும் ஒருசேர அழித்து விடுவார். நகரத்து வீட்டு அலமாரியில் அது அழகுப் பொருளாய் முடியும்.

மாணவ நண்பர்களே, இதில் நீங்கள் செய்யக்கூடியது உண்டு. அத்தகைய கோயிலைக் கண்டால் ஊர்ப் பெரியவரின் இசைவு பெற்றுப் படம் எடுங்கள். கல்லின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். எங்கே கிடைத்தது என்று முதியோரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். காட்டிலோ வயலிலோ புதிதாக ஒன்றைக் கண்டால் கையில் எடுக்க ஆசை எழும். எடுக்காதீர்கள். மண்ணில் பாதி புதைந்திருந்தால் தோண்டவே தோண்டாதீர்கள். இடத்தை அடையாளம் செய்து, சேலம் அரசு அருங்காட்சியகத்திற்கோ தொல்லியல் துறைக்கோ உங்கள் ஆசிரியர் வழியாகத் தெரிவியுங்கள். அந்தக் கோடரிக்குக் கீழே ஒரு கைப்பிடிக் கரி இருக்கலாம். கருகிய நாலு சாமை மணிகள் இருக்கலாம். ஒப்புமையால் மட்டுமே நாம் கூறிவரும் சேர்வராயன் மலையின் கற்காலத்திற்கு அவை மெய்யான ஆண்டுக் கணக்கைத் தரக்கூடும்.

இனாரியாமா வாள் பத்து ஆண்டு காத்திருந்து பேசிற்று. சேர்வராயன் மலை மண் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கிறது. அதனை முறையாகக் கேட்கக் கற்றவர்கள் உங்களிடையே இருந்து தோன்ற வேண்டும் என்று விரும்பி, என் உரையை நிறைவு செய்கிறேன்.